கடற்கரை விடுதியும் கிடப்பு வழக்கும்: துப்பறி புனைவில் இறந்தவரின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

ஆண்டுகள் பல கடந்தும் துப்புத் துலங்காத குற்ற வழக்கை மீளத் திறக்கும் கதை, துப்பறி புனைவின் தனித்த ஒரு கிளையாக வளர்ந்துள்ளது. பழைய கடற்கரை விடுதியும் கடலோரச் சிற்றூரும் இக்கிளைக்கு மிகவும் பழக்கமான களங்களாகும். அகதா கிறிஸ்தியின் 'ஈவில் அண்டர் தி சன்' (1941), 'ஸ்லீப்பிங் மர்டர்' (1976) ஆகிய புதினங்களையும் ஸ்டீபன் கிங்கின் 'தி கொலராடோ கிட்' (2005) என்னும் குறும்புதினத்தையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இவ்வகைக் கதையின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது. கொலையாளி யார் என்னும் வினாவைக் காட்டிலும், இறந்தவரை நினைவில் வைத்திருப்பவர் யார் என்னும் வினாவே இக்கதைகளின் அடித்தளம் என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: துப்பறி புனைவு, கிடப்பு வழக்கு, குறும்புதினம், கடற்கரை விடுதி, அகதா கிறிஸ்தி, ஸ்டீபன் கிங்.

முன்னுரை

துப்பறி புனைவை வகைப்படுத்திய அறிஞர்களுள் த்ஸ்வெதான் தொதொரோவ் குறிப்பிடத்தக்கவர். ஒவ்வொரு துப்பறி கதையினுள்ளும் இரண்டு கதைகள் அடங்கியுள்ளன என்பதை அவர் 1966இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஒன்று குற்றத்தின் கதை. மற்றொன்று புலனாய்வின் கதை. முதற்கதை முடிந்த பின்னரே இரண்டாம் கதை தொடங்குகிறது. வழக்கமான துப்பறி கதையில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் சில மணிநேரமோ சில நாள்களோ ஆகும். உடல் கிடந்த இடம் அழிந்திருக்காது. சாட்சிகள் அருகிலேயே இருப்பர்.

அந்த இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீளுமானால் கதையின் தன்மையே மாறிவிடுகிறது. தடயங்கள் அழிகின்றன, சாட்சிகள் இறக்கின்றனர் அல்லது இடம் பெயர்கின்றனர், எஞ்சியோரின் நினைவு திரிகிறது. எனவே புலனாய்வாளர் குற்றவாளியோடு மட்டுமன்றிக் காலத்தோடும் போராட வேண்டியவராகிறார். இம்மாற்றம் கதைக்களம், கதையின் நீளம், இறந்தவருக்குக் கதையில் கிடைக்கும் இடம் ஆகியவற்றை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முடிவுகளை வெளிப்படுத்தாமல் இவ்வாய்வு இயலாது என்பதால், கதைகளின் மறைபொருள்கள் இங்கு வெளிப்படையாகவே பேசப்படுகின்றன.

சொல்லாட்சி பற்றிய குறிப்பு

ஆங்கிலத்தில் 'குளிர்ந்த வழக்கு' என்னும் பொருள்படும் தொடரால் குறிக்கப்படும் இதனைத் தமிழில் 'ஆறிய வழக்கு' என்று பெயர்க்கலாம் எனத் தோன்றும். ஆயினும் தமிழில் 'ஆறுதல்' என்பது சூடு தணிதலை மட்டும் குறிப்பதன்று. புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, துயருற்றோர் ஆறுதல் பெறுகின்றனர். விடை காணப்படாத மரணம் உறவினருக்கு ஆறாத புண்ணாகவே இருக்கும். எனவே அச்சொல் இங்குப் பொருந்தவில்லை.

'கிடப்பில் போடுதல்' என்பது அலுவலக வழக்கிலும் பேச்சு வழக்கிலும் நிலைபெற்ற தொடராகும். கோப்பு தானாகக் குளிர்வதில்லை. யாரோ ஒருவர் அதைக் கிடப்பில் போடுகிறார். அச்செயலுக்குப் பொறுப்பாளர் உண்டு என்னும் குறிப்பு இத்தொடரிலேயே அடங்கியுள்ளது. ஆகவே இக்கட்டுரை 'கிடப்பு வழக்கு' என்னும் சொல்லையே ஆள்கிறது.

களமாகும் கடற்கரை விடுதி

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தின் தென்கரையை ஒட்டி பர்க் தீவு அமைந்துள்ளது. கடல் வற்றும்போது மணற்பரப்பின் வழியே நடந்தே அத்தீவை அடையலாம். நீர் ஏறியபின் அவ்வழி மூழ்கிவிடும். அப்போது உயர்ந்த மேடை பொருத்திய கடல் இழுவை வண்டியே பயணிகளை ஏற்றிச் செல்லும். 1929இல் ஆர்ச்சிபால்ட் நெட்டில்ஃபோல்டு என்பவர் அங்கு விடுதி ஒன்றைக் கட்டினார். அதனருகே 14ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகக் கூறப்படும் பில்ச்சர்டு என்னும் பழைய அருந்தகமும் உள்ளது. கிறிஸ்தி இவ்விடுதியில் தங்கியவர். 'ஈவில் அண்டர் தி சன்' புதினத்தில் வரும் ஜாலி ரோஜர் விடுதிக்கும் கள்ளக்கடத்தல்காரர் தீவுக்கும் இதுவே முன்மாதிரியாகும்.

புதினம் விடுதியின் வரலாற்றோடு தொடங்குகிறது. 1782இல் கப்பல் தலைவர் ஒருவர் கட்டிய வீடு, கடற்கரை விடுமுறை மோகம் பரவிய பின்னர் 1922இல் விடுதியாகிறது. பழமையான கட்டடமும் அன்றாடம் மாறும் விருந்தினருமாக இருவேறு காலங்கள் அங்கு ஒருங்கே அமைகின்றன. கிடப்பு வழக்கு கதைக்கு இவ்வமைப்பு மூன்று வகையில் துணைசெய்கிறது.

முதலாவது, விடுதிக்கு வருவோர் தம் கடந்த காலத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வரலாம். ஒரே தெருவில் வாழ்வோர் ஒருவரையொருவர் அறிவர். விடுதியில் ஒருவர் தம்மைப் பற்றிக் கூறுவதே அவர் வரலாறு. இரண்டாவது, விருந்தினர் மாறினாலும் பணியாளர் மாறுவதில்லை. அறைகளின் அன்றாட ஒழுங்கு அவர்களுக்கு அத்துப்படி. ஒழுங்கு பிறழும்போது அவர்களே அதை முதலில் உணர்கின்றனர். மூன்றாவது, கடல். அலை கால்தடத்தை அழிக்கிறது. ஏற்றவற்றமோ வருகைக்கும் புறப்பாட்டிற்கும் கணக்கு வைக்கிறது. அழித்தலும் அளத்தலுமாகிய இரண்டையும் செய்யும் களம் இது.

புதினத்தில் இவை வெறும் பின்னணியாக நில்லாமல் துப்புகளாகவே பயன்படுகின்றன. கடற்கரையில் வெயில் காய்ந்து கிடக்கும் உடல்கள் அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன எனப் பொய்ரோ தொடக்கத்திலேயே சலித்துக்கொள்கிறார். நகைச்சுவையாகத் தோன்றும் அக்கூற்றே கொலைச் சூழ்ச்சியின் திறவுகோலாகிறது. நண்பகலளவில் யாரோ குளித்த ஓசையைக் கேட்டதாக அறைப்பணிப்பெண் கிளாடிஸ் நாரகாட் கூறுகிறார்; விருந்தினர் எவரும் அந்நேரத்தில் குளித்ததாக ஒப்புவதில்லை. வெயிலில் கறுத்ததுபோல் காட்டப் பூசிய சாயத்தைக் கழுவிய நீரின் ஓசை அது என்பது பின்னர்த் தெளிவாகிறது. விருந்தினர் பொய்யுரைக்கும் விடுதியில் பணிப்பெண்ணின் செவியே நம்பத்தகுந்த சான்றாகிறது.

கோப்பாக மட்டும் எஞ்சிய பெண்

விடுதியில் கொல்லப்படுபவர் நடிகையாக இருந்த ஆர்லீனா மார்ஷல். ஆனால் அவ்வழக்கின் முடிச்சை அவிழ்ப்பது வேறொரு பெண்ணின் மரணம். இதேபோன்று கழுத்து நெரிக்கப்பட்டு, கொலையாளி பிடிபடாத பழைய வழக்குகளின் விவரங்களைப் பொய்ரோ தேடுகிறார். சர்ரே மாவட்டத்தில் ஆலிஸ் காரிகன் என்னும் பெண் கொல்லப்பட்ட வழக்கு கிடைக்கிறது. உடலை முதலில் கண்டதாகக் கூறியவர் நடைபயணம் வந்த ஓர் ஆசிரியை. அவர் கூறிய நேரத்தை வைத்துப் பார்த்தால் ஆலிஸின் கணவர் கொலை செய்திருக்க இயலாது. வழக்கு கிடப்பிற்குச் சென்றது.

உண்மையில் ஆசிரியை 'உடலைக் கண்டதாக' அறிவித்தபோது ஆலிஸ் உயிரோடு இருந்தார். அவ்வறிவிப்பிற்குப் பின்னரே கணவர் கொன்றார். அக்கணவரே விடுதியில் பாட்ரிக் ரெட்ஃபெர்ன் என்னும் பெயரில் தங்கியிருக்கிறார். அந்த ஆசிரியையே அவருடைய மனைவி கிறிஸ்டீன். குற்றம் நிகழ்ந்த நேரத்தைப் பொய்யாக நிறுவி வேறிடத்தில் இருந்ததாகக் காட்டும் அதே உத்தியை இருவரும் விடுதியிலும் கையாள்கின்றனர். ஆலிஸின் கணவருடைய பழைய நிழற்படம் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஆலிஸின் இடமாகும். புதினத்தில் அவருக்குக் குரல் இல்லை. அவர் கோப்பில் உள்ள பெயர் மட்டுமே. அவருடைய மரணத்திற்கு நீதி வேண்டி எவரும் அக்கோப்பைத் திறக்கவில்லை. மற்றொரு பெண் இறந்தமையால்தான் அது திறக்கப்படுகிறது. முதல் வழக்கு அப்போதே துலங்கியிருந்தால் இரண்டாம் கொலை நிகழ்ந்திராது. கிடப்பில் போடுதல் என்பது வெறும் காலத்தாழ்வு அன்று. அது இன்னோர் உயிரின் விலையாகலாம் என்பதைப் புதினம் வெளிப்படையாகக் கூறாமலே உணர்த்துகிறது.

இக்கதையை கிறிஸ்தியின் முந்தைய படைப்பொன்றோடு ஒப்பிடுதல் பயனுடையது. 1937இல் வெளிவந்த 'மர்டர் இன் தி மியூஸ்' தொகுப்பில் இடம்பெற்ற 'டிரையாங்கிள் அட் ரோட்ஸ்' என்னும் சிறுகதையும் கடற்கரை விடுதியில் நிகழ்வதே. வெளிக்குத் தோன்றும் காதல் முக்கோணம் ஒன்றாகவும் உண்மையான முக்கோணம் வேறாகவும் அமையும் சூழ்ச்சி இரண்டிற்கும் பொது. ஆயினும் சிறுகதையில் பழைய வழக்கு எதுவும் இல்லை. விடுதியில் கண்முன் நடப்பதைக் கூர்ந்து நோக்கியே பொய்ரோ உண்மையை அறிகிறார். அதே கரு புதினமாக விரிந்தபோதுதான் கடந்த காலம் கதைக்குள் நுழைகிறது. இரு காலங்களைத் தாங்குவதற்குச் சிறுகதையின் அளவைவிடக் கூடுதலான பரப்பு தேவைப்படுகிறது என இதிலிருந்து கருத இடமுண்டு.

நினைவாக எஞ்சிய வழக்கு

'ஸ்லீப்பிங் மர்டர்' இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதப்பட்டு, கிறிஸ்தி மறைந்த 1976ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. இதன் களம் டில்மத் என்னும் கற்பனைக் கடலோர ஊர். விடுதிக்கு மாறாகப் பழைய வீடொன்று இங்கு இடம்பெறுகிறது. நியூசிலாந்திலிருந்து வந்த இளம்பெண் குவெண்டா, முன்பின் அறியாததாகக் கருதி ஒரு வீட்டை வாங்குகிறார். சிறு குழந்தையாக இருந்தபோது தாம் அங்கேயே வாழ்ந்ததும், மாடிப்படிக் கம்பிகளின் இடைவெளியில் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்ணொருத்தியைக் கண்டதும் மெல்ல நினைவிற்கு வருகின்றன. இடைப்பட்ட காலம் 18 ஆண்டுகள்.

முதற்புதினத்தில் கோப்பேனும் இருந்தது. இங்கு அதுவும் இல்லை. இறந்த ஹெலன் வீட்டைவிட்டு வேறொருவரோடு ஓடிப்போனதாகவே ஊர் நம்பியது. கொலை என்று பதிவாகாத கொலை இது. குழந்தையின் நினைவும் முன்னாள் பணியாளர்களின் சொற்களுமே இங்குச் சான்றுகள். விடுதிப் பணிப்பெண்ணின் செவிக்கு முதற்புதினத்தில் கிடைத்த இடமே இங்கு வீட்டுப் பணிப்பெண்ணின் நினைவிற்கும் கிடைக்கிறது.

உறங்கும் கொலையை எழுப்ப வேண்டாம் என்றே செல்வி மார்ப்பிள் முதலில் அறிவுறுத்துகிறார். அவ்வெச்சரிக்கை வீணானதன்று. முன்னாள் பணிப்பெண் லில்லி கிம்பிள் தாம் அறிந்ததைக் கூற வரும் வழியில் கொல்லப்படுகிறார். கொலையாளி ஹெலனின் மாற்றாந்தாய்வழி அண்ணனான மருத்துவர் கென்னடி. மறுபுறம், குவெண்டாவின் தந்தை தம் மனைவி ஹெலனைத் தாமே கொன்றுவிட்டதாக நம்பி மனநோய் இல்லத்தில் உயிரை மாய்த்துக்கொண்டவர். அவர்மீது அவரே சுமத்திக்கொண்ட பழி நீங்குகிறது. ஓடிப்போனவள் என்னும் பழியும் ஹெலனைவிட்டு நீங்குகிறது. வழக்கைத் திறந்ததால் ஓர் உயிர் போகிறது. இறந்த இருவரின் பெயர் தூய்மை பெறுகிறது. இவ்விரண்டில் எது பெரிது என்பதற்குப் புதினம் எளிய விடை தருவதில்லை.

விடையின்றி எஞ்சிய வழக்கு

ஸ்டீபன் கிங்கின் 'தி கொலராடோ கிட்', மலிவுவிலைக் குற்றப் புதினங்களின் மரபைப் புதுப்பிக்க முனைந்த 'ஹார்டு கேஸ் கிரைம்' வரிசையில் 2005இல் வெளிவந்த குறும்புதினமாகும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையை ஒட்டிய மூஸ்-லுக்கிட் என்னும் கற்பனைத் தீவு இதன் களம். உள்ளூர் வார இதழை நடத்தும் 90 வயது வின்ஸ் டீக், 65 வயது டேவ் போவி ஆகியோரும், பயிற்சிக்கு வந்துள்ள 22 வயது ஸ்டெஃபனி மெக்கேனும் மட்டுமே முதன்மை மாந்தர். நிகழ்காலம் ஒரே ஒரு பிற்பகல்; கதை முழுதும் பெரும்பாலும் உரையாடலாகவே செல்கிறது.

1980 ஏப்ரலில் தீவின் கடற்கரையில் ஆடவர் ஒருவரின் உடல் கிடைக்கிறது. தொண்டையில் இறைச்சித் துண்டு சிக்கியுள்ளது. பையில் ரஷ்ய நாணயம் ஒன்று இருக்கிறது. அடையாளம் எதுவும் இல்லை. அவரிடமிருந்த சிகரெட் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்ட வரி முத்திரை கொலராடோ மாநிலத்தது என்பதை, புலனாய்வாளர்களுடன் பயிற்சியிலிருந்த மாணவர் ஒருவர் கவனித்ததாலேயே நெடுநாள் கழித்து அவர் பெயர் தெரிகிறது. அவர் ஜேம்ஸ் கோகன். மனைவியும் கைக்குழந்தையும் உடையவர். டென்வரில் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராகப் பணியாற்றியவர். காலையில் அலுவலகத்தை விட்டு வெளியேறியவர், நாட்டின் மறுகோடியிலுள்ள இத்தீவிற்கு அன்றே எவ்வாறு வந்தார், ஏன் வந்தார் என்பதற்குக் கதை விடை தருவதில்லை. அது கொலையா, வெறும் விபத்தா என்பதும் உறுதியாவதில்லை.

விடை மறுக்கும் இம்முடிவு வாசகரைச் சினமூட்டக்கூடும் என்பதை கிங் தம் பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார். விடையைவிடப் புதிரே தம்மை ஈர்த்தது என்பது அவர் நிலைப்பாடு. ஆயினும் இக்குறும்புதினம் எதற்குமே விடை தரவில்லை என்பது பிழையான வாசிப்பாகும். பெயரற்ற உடல் பெயர் பெறுகிறது. மனைவிக்குக் கணவர் என்னவானார் என்பது தெரிகிறது. குற்றவாளியைத் தேடும் வினா தோற்றாலும் இறந்தவரைத் தேடும் வினா வெல்கிறது.

கதையின் தொடக்கம் இங்குப் பொருளுடையது. விளங்காத நிகழ்வுகள் பற்றித் தொடர் எழுத வந்த பெருநகர் இதழாளர் ஒருவருக்கு, 'தி கிரே கல்' என்னும் கடலோர உணவகத்தில் முதியோர் இருவரும் வேறு பழங்கதைகளைக் கூறுகின்றனர். கோகன் கதையை மட்டும் கூறுவதில்லை. வந்துபோகும் விருந்தினருக்கு மறுக்கப்பட்ட கதை, தீவில் தங்கிப் பழகிய ஸ்டெஃபனிக்கு அன்றே சொல்லப்படுகிறது. முதுமையின் எல்லையில் நிற்போர் இறந்தவரின் நினைவை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் செயலே இக்கதையின் மெய்யான நிகழ்வாகும்.

குறும்புதின வடிவம் இதற்கு இசைவாக அமைகிறது. நீண்ட புதினமாயின் விடையின்மையை வாசகர் பொறுத்திருப்பது அரிது. சிறுகதையாயின் முதியோரின் தயக்கமும் இளையவரின் பொறுமையும் வளர இடம் இராது. ஓர் அமர்வில் கூறி முடிக்கத்தக்க வாய்மொழிக் கதையின் நீளத்தையே இக்குறும்புதினம் ஏற்றுள்ளது.

புனைவும் நடப்பும்

புனைவில் காணப்படும் இவ்வேறுபாடு நடப்பு வழக்குகளிலும் உண்டு. 1948 டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை அடுத்த சோமர்டன் கடற்கரையில் ஆடவர் ஒருவர் இறந்து கிடந்தார். ஆடைகளின் பெயர்ச்சீட்டுகள் அகற்றப்பட்டிருந்தன. 'முடிந்தது' எனப் பொருள்படும் பாரசீகத் தொடர் அச்சிட்ட தாள்துண்டு அவர் உடையில் இருந்தது. அது உமர் கய்யாமின் பாடல் நூலிலிருந்து கிழிக்கப்பட்டதாகும். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இருப்பிடப் பெயராலேயே சுட்டப்பட்டார். 2022இல் பேராசிரியர் டெரெக் அபட், மரபணுவழி வமிசாவளி ஆய்வின் துணையோடு, அவர் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என அறிவித்தார். எவ்வாறு இறந்தார் என்பது இன்றும் துலங்கவில்லை. உளவு, காதல், நஞ்சு என அவரைச் சுற்றிப் புனையப்பட்ட கதைகளுக்கு நடுவே, குடும்பமும் தொழிலும் உடைய ஒரு மனிதர் காணாமற்போயிருந்தார். காலம் விடையைத் திருப்பித் தராவிடினும் பெயரைத் திருப்பித் தரக்கூடும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பின்வருவன புலனாகின்றன.

• கிடப்பு வழக்குப் புனைவில் குற்றத்தின் கதைக்கும் புலனாய்வின் கதைக்கும் இடைப்பட்ட நீண்ட காலமே முதன்மை எதிராளியாகிறது. அதைக் கடக்கும் பாலங்களாகக் கோப்பு, நினைவு, வாய்மொழி ஆகிய மூன்றும் முறையே இம்மூன்று படைப்புகளிலும் அமைகின்றன.

• கடற்கரை விடுதி அழகிய பின்னணி மட்டுமன்று. கடந்த காலத்தை மறைத்து வருவோரும், மாறாது தங்கி அனைத்தையும் நோக்குவோரும் ஒரே கூரையின்கீழ் அமைவதால் அது இவ்வகைக் கதையின் பொறியமைப்பாகவே இயங்குகிறது.

• இரு காலங்களைத் தாங்கவும், அனைத்தையும் தீர்க்காமல் விடவும் குறும்புதினம் ஏற்ற வடிவமாகும்.

• ஆலிஸ் கோப்பாகவும், ஹெலன் பழிச்சொல்லாகவும், கோகன் பெயரற்ற உடலாகவும் எஞ்சினர். கொலையாளியைக் காட்டுதல் இக்கதைகளின் ஒரு பயனே; இறந்தவரை மீண்டும் ஒரு மனிதராக நிறுவுதல் மற்றொரு பயன். முன்னது நிகழாதபோதும் பின்னது நிகழலாம் என்பதையே கிங்கின் குறும்புதினம் காட்டுகிறது.

துப்பறி புனைவைப் புதிர்விளையாட்டாக மட்டும் மதிப்பிடும் திறனாய்வு, இறந்தவரைப் புதிரின் ஓர் உறுப்பாகக் காண்பதோடு நின்றுவிடுகிறது. கிடப்பு வழக்குக் கதைகளை அணுகும் ஆய்வாளர், விடை கிடைத்ததா என வினவுமுன் கோப்பைத் திறந்தவர் யார், யார் பொருட்டுத் திறந்தார் என வினவுதல் வேண்டும். அவ்வினா, பொழுதுபோக்கு இலக்கியம் என ஒதுக்கப்படும் இவ்வகையின் அறத்தையும் ஆய்வுக்கு உட்படுத்த வழிசெய்யும்.